வரமும் பேரேடும்



இன்றைய உரையின் பொருள் தீர்ப்பு எழுதப்படாத ஒரு பழைய வழக்கு. குத்துச்சண்டை வீரர் ஒருவரின் பெருமையை எதைக் கொண்டு அளப்பது? பிறவியிலேயே அவருக்கு வாய்த்த திறமையைக் கொண்டா, அல்லது அவர் ஓய்வுபெறும் நாளில் அவர் பெயருக்கு நேரே எழுதப்பட்டிருக்கும் வெற்றிகளையும் பட்டங்களையும் கொண்டா? முதல் தரப்பினர் வரத்தின் பக்கம் நிற்பவர்கள்; இரண்டாம் தரப்பினர் பேரேட்டின் பக்கம் நிற்பவர்கள். இவ்விரு தரப்பும் தேநீர்க் கடையிலும் மதுக்கூடத்திலும் பத்திரிகைப் பக்கங்களிலும் பல தலைமுறைகளாக மோதிவருகின்றன என்றாலும், தாங்கள் எதை அளக்கிறோம் என்பதை இரு தரப்புமே நின்று விளக்கியதில்லை என்பதுதான் இந்த வழக்கின் விசித்திரம்.

இந்த வழக்கை விசாரிக்க லண்டனைவிடப் பொருத்தமான ஊர் வேறு எது? வெறும் முரட்டுச் சண்டையாக இருந்த ஒன்றுக்கு 1743-இல் ஜாக் பிரவுட்டன் முதல் விதிகளை எழுதியது இந்த நகரில்தான். கையுறை, மூன்று நிமிடச் சுற்று, வீழ்ந்தவர் எழுந்து நிற்கப் பத்து வினாடி என்ற இன்றைய வடிவத்தைத் தந்த குயின்ஸ்பெரி விதிகள் 1867-இல் வெளிவந்ததும் இந்த நகரில்தான். பெத்னல் கிரீனில் 1929-இல் பொதுக் குளிப்பகமாகத் திறக்கப்பட்ட யார்க் ஹால், நீராவிக் குளியலறைகள் அடித்தளத்தில் இருக்க, மேலே ஏறத்தாழ ஆயிரத்திருநூறு பேர் அமரக்கூடிய அரங்கில் இன்றும் சண்டைகளை நடத்துகிறது. அங்கே மாடியின் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நிற்பவருக்குக் கீழே விழும் குத்தின் ஓசை, பார்வையாளர்களின் கூச்சலுக்கு முன்பாகவே காதில் விழும்.

முதலில் வரத்தின் தரப்பைக் கேட்போம். குத்துச்சண்டையில் திறமை என்று பொதுவாகச் சொல்லப்படுவது கண்ணுக்குத் தெரியும் சில குணங்களின் தொகுப்பு: கையின் வேகம், காலின் இலகு, எதிரியின் தோள் அசையும் முன்பே அவன் எண்ணத்தைப் படித்துவிடும் கண், நூலிழை இடைவெளியில் தலையை விலக்கிக்கொள்ளும் அனிச்சை. இவற்றைக் காண்பதே ஓர் இன்பம். பா. இரஞ்சித்தின் சார்பட்டா பரம்பரை 2021-இல் வெளிவந்தபோது, கதையின் இறுதியில் எதிரி வேம்புலியை வீழ்த்துபவன் நாயகன் கபிலனாக இருந்தும், படம் பார்த்தவர்கள் வாய் ஓயாமல் பேசியது நடுவில் வந்து தோற்றுப்போகும் டான்சிங் ரோஸைப் பற்றித்தான் அல்லவா? ஆடிக்கொண்டே அடிக்கும் அந்த மனிதனின் பேரேட்டை எவரும் கேட்கவில்லை. அவன் கால்கள் மட்டும் போதுமானவையாக இருந்தன. வடசென்னையின் பழைய குத்துச்சண்டைப் பரம்பரைகளைப் பற்றிப் பேசுவோரும், இன்னாருக்கு எத்தனை வெற்றி என்று கணக்கு ஒப்பிப்பதைவிட, இன்னாருடைய இடது கை எப்படி இறங்கும் என்பதைக் கையால் காட்டியே விளக்குவார்கள்.

இந்தத் தரப்பு தன் முதல் சாட்சியாக நிறுத்தக்கூடியவர் கிர்க்லண்ட் லெயிங். 1954-இல் ஜமைக்காவில் பிறந்து நாட்டிங்ஹாமில் வளர்ந்த இவருக்கு, ‘வரம் பெற்றவர்’ என்பதே மேடைப் பட்டப்பெயராக இருந்தது. கைகளை இடுப்பளவுக்குத் தாழ்த்திக்கொண்டு, எந்தக் கோணத்திலிருந்து குத்து புறப்படும் என்று எதிரிக்குத் தெரியாதபடி, தாளம் மாற்றி மாற்றி ஆடும் பாணி அவருடையது. 1982 செப்டம்பர் 4 அன்று டெட்ராய்ட்டில், உலகக் குத்துச்சண்டையின் மாபெரும் பெயர்களில் ஒன்றான பனாமாவின் ராபர்ட்டோ டுரானைப் பத்துச் சுற்றுகளில் புள்ளிக் கணக்கில் அவர் வென்றார். அமெரிக்காவின் ரிங் இதழ் அதை அந்த ஆண்டின் மிகப் பெரிய எதிர்பாராத முடிவாக அறிவித்தது. அந்த இரவில் டுரான் சரியான உடல்தகுதியில் இல்லை என்று பேரேட்டுத் தரப்பு குறுக்கிடும், இருக்கலாம். ஆயினும் தகுதி குறைந்த டுரானையும் வென்றவர்கள் எத்தனை பேர்?

அந்த வெற்றிக்குப் பிறகு என்ன நடந்தது என்பதுதான் கதையின் மறுபாதி. உலகப் பட்டத்துக்கான கதவு திறந்து கிடந்த நேரத்தில் லெயிங் ஓராண்டு மேடையேறவில்லை. ஏறியபோது, 1983 செப்டம்பரில் அட்லாண்டிக் சிட்டியில் பிரெட் ஹட்சிங்ஸிடம் வீழ்ந்தார். அதற்கு முன்பு 1980-இலும் 1981-இலும் வேல்ஸின் காலின் ஜோன்ஸுக்கு எதிராக இதே லண்டனில் இருமுறை ஆடி, இருமுறையும் முன்னணியில் இருந்து, இருமுறையும் ஒன்பதாம் சுற்றில் நிறுத்தப்பட்டிருந்தார். மொத்தம் 56 சண்டைகளில் 43 வெற்றி, 12 தோல்வி, ஒரு சமன். பிரிட்டிஷ் பட்டம் இருமுறை, ஐரோப்பியப் பட்டம் ஒருமுறை. உலகப் பட்டத்துக்கான சண்டை ஒன்றுகூட இல்லை. அவரிடம் தோற்ற டுரானோ 1983 ஜூன் 16 அன்று, தம் முப்பத்திரண்டாம் பிறந்தநாளில், நியூயார்க்கில் டேவி மூரை வீழ்த்தி மூன்றாவது எடைப்பிரிவில் உலகச் சாம்பியன் ஆனார். 1989-இல் நான்காவது பிரிவிலும் ஆனார். வென்றவர் இறங்கினார், தோற்றவர் ஏறினார்.

வரத்தின் தரப்புக்கு இரண்டாவது சாட்சியும் உண்டு, அவர் லெயிங்கைவிட வலுவானவர். நாட்டிங்ஹாமில் பிறந்து ஷெஃபீல்டில் பிரெண்டன் இங்கிள் என்ற பயிற்சியாளரிடம் வளர்ந்த ஹெரால் கிரகாம், தொழிலாளர் மன்றங்களின் கூடங்களில் கைகளை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, முடிந்தால் அடித்துப் பாருங்கள் என்று அங்கிருந்தோரை அழைக்கும் அளவுக்கு விலகும் கலையில் தேர்ந்தவர். இந்த அவையில் உள்ள இளைஞர்கள் இதை வேடிக்கை என்று ஒதுக்கிவிட வேண்டாம். கை ஓங்கியவர்களில் பெரும்பாலோர் காற்றைத்தான் அடித்தார்கள். அதே கிரகாம் 1990 நவம்பர் 24 அன்று ஸ்பெயினில், காலியாக இருந்த உலக மிடில்வெயிட் பட்டத்துக்காக ஜூலியன் ஜாக்சனை எதிர்கொண்டபோது, மூன்று சுற்றுகள் முழுவதும் அவரைத் திணறடித்தார். ஜாக்சனின் ஒரு கண் வீங்கி மூடிக்கொண்டுவிட, சண்டை நிறுத்தப்படும் நிலையில் இருந்தது. நான்காம் சுற்றில் முடிக்கும் எண்ணத்தோடு கிரகாம் முன்னேறினார். கயிறோரம் ஒதுங்கியிருந்த ஜாக்சனின் ஒற்றை வலதுகைக் குத்து தாடையில் இறங்கியது. கிரகாம் தரையைத் தொடும் முன்பே நினைவிழந்திருந்தார்.

இவ்விரு சாட்சிகளையும் கேட்டபின் பேரேட்டுத் தரப்பு எழுந்து சொல்வது எளிய வாதம்: திறமை இருந்தது, ஆனால் சாதனை இல்லை; ஆகவே பெருமை இல்லை. வரத்தின் தரப்பு சொல்வதும் எளிய வாதமே: சாதனை இல்லாவிட்டால் என்ன, இவர்களைப்போல் ஆடியவர் உண்டா? இங்கேதான் இவ்வுரை இரு தரப்பையும் சற்று நிறுத்திவைத்து ஒரு கேள்வியை முன்வைக்க விரும்புகிறது. இயற்கை கொடுத்தது என்று சொல்லும்போது எதை எண்ணிக்கொள்கிறோம்?

வேகம் இயற்கை என்றால், குத்தைத் தாங்கும் தாடையும் இயற்கைதானே? கண்ணின் கூர்மை வரம் என்றால், புருவத்தின் மேல் உள்ள தோலின் தடிமனும் வரம்தானே? இதை விளக்குவதற்குத் தென்கிழக்கு லண்டனின் பெல்லிங்ஹாம் குடியிருப்பில் வளர்ந்த ஹென்றி கூப்பரைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. 1934-இல் லாம்பெத்தில் பிறந்த அவர் இயல்பிலேயே இடதுகைக்காரர். ஆனால் வலதுகைக்காரர்களைப்போல் இடது காலை முன்வைத்து நின்று ஆடினார். ஆகவே, மற்றவர்கள் எதிரியின் தூரத்தை அளக்கப் பயன்படுத்தும் முன்கையில் அவருக்கு முழு வலிமையும் குவிந்திருந்தது. அந்தக் கையிலிருந்து புறப்படும் வளைகுத்து, அதாவது முழங்கையை மடக்கிப் பக்கவாட்டில் வீசும் குத்து, ‘ஹென்றியின் சம்மட்டி’ என்றே பெயர் பெற்றது.

1963 ஜூன் 18 அன்று வெம்பிளி மைதானத்தில் அந்தச் சம்மட்டி, அப்போது காசியஸ் கிளே என்ற பெயரில் இருந்த முகமது அலியின் தாடையில் நான்காம் சுற்றின் கடைசி வினாடிகளில் இறங்கியது. கிளே கயிற்றில் சரிந்து தரையில் அமர்ந்தார். எழுந்த வேகத்தில் மணி அடித்தது. தம் மூலைக்குப் போகும்போது அவர் கண்களில் பார்வை நிலைகொள்ளவில்லை. அங்கே பயிற்சியாளர் ஆஞ்சலோ டண்டீ, விதிகள் அனுமதிக்காத முகர்உப்பை மூக்கில் காட்டினார். கையுறையில் இருந்த சிறு கிழிசலைத் தாமே பெரிதாக்கி நடுவரிடம் காட்டியதாகப் பின்னாளில் அவரே பெருமையோடு சொல்லிக்கொண்டார். ஐந்தாம் சுற்றில் கிளேயின் குத்துகள் கூப்பரின் இடது புருவத்தைக் கிழித்தன. குருதி கண்ணை மறைத்தது. நடுவர் சண்டையை நிறுத்தினார். 1966 மே 21 அன்று ஹைபரியில் உலகப் பட்டத்துக்காக இருவரும் மீண்டும் மோதியபோதும் கதை அதே புருவத்தில்தான் முடிந்தது. துருத்திய புருவ எலும்பு, அதன்மேல் மெல்லிய தோல்: இது கூப்பருக்குப் பிறவியில் வந்த பேறு. இடது கையைக் கொடுத்த அதே இயற்கைதான் இந்தத் தோலையும் கொடுத்தது. வரத்தின் தரப்பு கையை மட்டும் எண்ணிக்கொண்டு தோலைத் துரதிர்ஷ்டம் என்ற கணக்கில் எழுதுவது எந்த நியாயம்?

இதைவிட வியப்பான இன்னொரு செய்தி உண்டு. ஹென்றி கூப்பருக்கு உருவொத்த இரட்டைச் சகோதரர் ஒருவர் இருந்தார். ஜார்ஜ் என்ற இயற்பெயர் கொண்ட அவரும் ஜிம் கூப்பர் என்ற பெயரில் தொழில்முறைக் குத்துச்சண்டை ஆடினார். ஒரே வயிறு, ஒரே வீடு, ஒரே தொடக்கம். ஆனால் ஒருவர் 1959 முதல் பத்தாண்டுக் காலம் பிரிட்டிஷ் ஹெவிவெயிட் பட்டத்தை வைத்திருந்து, லான்ஸ்டேல் பட்டையை மூன்றுமுறை நிரந்தர உடைமையாக வென்று, 2000-இல் சர் பட்டமும் பெற்றார். மற்றவர் ஒரு சாதாரண வீரராக ஆடி விலகினார். லான்ஸ்டேல் பட்டை என்பது 1909 முதல் பிரிட்டிஷ் சாம்பியன்களுக்கு வழங்கப்படும் இடைக்கச்சை. அக்காலத்தில் பட்டச் சண்டைகளில் மூன்றுமுறை வென்றவருக்கே அது சொந்தமானது. அவ்வாறு மூன்று பட்டைகளைச் சொந்தமாக்கியவர் கூப்பர் ஒருவரே. பிறவி ஒன்றே அளவுகோல் என்போர் இந்த இரட்டையரை எங்கே வைப்பார்கள்?

இன்னும் பின்னோக்கிப் போனால், இயற்கை என்று இன்று வியக்கப்படுவதில் பெரும்பகுதி ஒருகாலத்தில் கற்பிக்கப்பட்ட பாடம் என்பதும் தெரியவரும். யார்க் ஹாலிலிருந்து சில நிமிட நடையில் பாரடைஸ் ரோ என்ற தெருவில், டேனியல் மெண்டோசா வாழ்ந்த வீட்டின் சுவரில் நினைவுப் பலகை இருக்கிறது. 1764-இல் பிறந்த இந்த லண்டன் யூதர் ஐந்தடி ஏழங்குல உயரமே உடையவர். பேருடலும் முரட்டு வலிமையுமே பிறவித் திறமை எனக் கருதப்பட்ட அந்தக் காலத்தில், பக்கம் விலகுதல், தடுத்தல், ஏமாற்றி உள்ளே நுழைதல் ஆகியவற்றைக் கொண்டு தம்மைவிடப் பெரியவர்களை அவர் வீழ்த்தினார். சண்டைப் பள்ளி நடத்தினார். 1789-இல் நூலும் எழுதினார். எதிரிகள் சிலர் இதைக் கோழைத்தனம் என்று ஏசியதுண்டு. அன்று ஏச்சுக்கு ஆளான அந்த வாத்தியாரின் பாடம்தான் இன்று ஹெரால் கிரகாமின் உடலில் பிறவி வரமாகத் தோற்றமளிக்கிறது.

ஆகவே பேரேட்டுத் தரப்பு வென்றுவிட்டது என்று எவரேனும் கை தட்டத் தொடங்கினால், சற்றுப் பொறுக்கவும். பேரேட்டையும் பிரித்துப் பார்க்க வேண்டாமா?

ஹாமர்ஸ்மித்தின் பிராங்க் புருனோவை எடுத்துக்கொள்வோம். 45 சண்டைகளில் 40 வெற்றி, அவற்றில் 38 நாக் அவுட். உலகப் பட்டத்துக்காக மூன்றுமுறை முயன்று தோற்று, நான்காம் முறையாக 1995 செப்டம்பர் 2 அன்று வெம்பிளி மைதானத்தில் ஆலிவர் மெக்காலைப் பன்னிரண்டு சுற்றுகளில் வென்று உலகச் சாம்பியன் ஆனவர். அந்த மெக்கால்தான் ஓராண்டுக்கு முன்பு, 1994 செப்டம்பர் 24 அன்று, அதே வெம்பிளியின் உள்ளரங்கில் லெனாக்ஸ் லூயிஸை இரண்டாம் சுற்றில் சாய்த்தவர். அந்த லூயிஸ்தான் 1993 அக்டோபர் 1 அன்று கார்டிஃபில் புருனோவை ஏழாம் சுற்றில் நிறுத்தியவர். புருனோ மெக்காலை வென்றார். மெக்கால் லூயிஸை வென்றார். லூயிஸ் புருனோவை வென்றார். மூவரும் உலகச் சாம்பியன்கள். வெற்றி எண்ணிக்கையை மட்டும் வைத்து இவர்களை வரிசைப்படுத்த முயல்பவர், செக்கைச் சுற்றும் மாட்டைப்போல் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்வார்.

பட்டங்களின் எண்ணிக்கையோ அதைவிடக் குழப்பமானது. எட்டு எடைப்பிரிவுகளும் பிரிவுக்கு ஒரு சாம்பியனும் இருந்த காலம் போய், இன்று பதினேழு பிரிவுகளும் நான்கு பெரிய அமைப்புகளும் இருக்கின்றன. ஒரே எடையில் ஒரே நாளில் நான்கு உலகச் சாம்பியன்கள் இருக்கலாம். இதைப்பற்றி நீட்டிப் பேசுவது வீண்.

பேரேட்டில் எழுதும் பேனா யார் கையில் இருந்தது என்ற கேள்வியும் உண்டு. 1971 மார்ச் 16 அன்று வெம்பிளியில் கூப்பர் தம் பட்டங்களைக் காக்க இளைஞர் ஜோ பக்னரை எதிர்கொண்டார். அக்காலத்தில் பிரிட்டனில் தனி மதிப்பெண் நடுவர்கள் இல்லை. மேடையில் நிற்கும் நடுவர் ஒருவரே புள்ளியும் எழுதுவார். பதினைந்து சுற்றுகள் முடிந்ததும் நடுவர் ஹாரி கிப்ஸ் பக்னரின் கையை உயர்த்தினார். கணக்கு என்ன? எழுபத்து மூன்றே முக்காலுக்கு எழுபத்து மூன்றரை. கால் புள்ளி! அந்தக் கால் புள்ளியோடு கூப்பர் விளையாட்டிலிருந்து விலகினார். லண்டன் மக்கள் பல்லாண்டுகள் அந்தத் தீர்ப்பை மன்னிக்கவில்லை. ஆனால் பேரேட்டில் அது தோல்வி என்ற ஒரே சொல்லாகத்தான் நிற்கிறது.

இவையாவது எழுதப்பட்ட கணக்குகள். எழுத அனுமதிக்கப்படாத கணக்குகளை எவர் கூட்டிப் பார்ப்பது? தமிழர் அவையில் இதை விரித்துச் சொல்ல வேண்டிய கடமை உண்டு. 1911-இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட்டில் கறுப்பின உலகச் சாம்பியன் ஜாக் ஜான்சனும் பிரிட்டனின் பில்லி வெல்ஸும் மோத ஏற்பாடான சண்டை, உள்துறை அமைச்சராக இருந்த வின்ஸ்டன் சர்ச்சிலின் தலையீட்டால் நின்றுபோனது. அக்காலம் தொட்டு 1940களின் பிற்பகுதிவரை, பெற்றோர் இருவரும் வெள்ளையராக இருந்தால்தான் ஒருவர் பிரிட்டிஷ் பட்டத்துக்கு ஆடலாம் என்ற தடை நிலவியது. மான்செஸ்டரின் லென் ஜான்சன், மேற்கு ஆப்பிரிக்கத் தந்தைக்கும் அயர்லாந்து வழிவந்த தாய்க்கும் பிறந்தவர். 1920களில் பிரிட்டிஷ் மிடில்வெயிட் சாம்பியனாக இருந்த ரோலண்ட் டாடையே பட்டம் பணயம் வைக்கப்படாத சண்டையில் வென்றவர். ஆஸ்திரேலியா சென்று பிரிட்டிஷ் பேரரசுப் பட்டத்தை வென்றும் இங்கே அது ஏற்கப்படாதவர். அவருடைய பேரேட்டில் பிரிட்டிஷ் சாம்பியன் என்ற வரி இல்லை. அந்த வெற்றிடம் அவருடைய திறமையைப் பற்றி எதையாவது சொல்கிறதா? அது எழுதியவர்களைப் பற்றி மட்டுமே சொல்கிறது.

தடை நீங்கியபின் 1948 ஜூன் 28 அன்று டிக் டர்பின் முதல் கறுப்பினப் பிரிட்டிஷ் சாம்பியன் ஆனார். மூன்றே ஆண்டுகளில், 1951 ஜூலை 10 அன்று, அவருடைய தம்பி ராண்டால்ஃப் டர்பின் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட்டில், எடையை ஒதுக்கிப் பார்த்தால் உலகிலேயே தலைசிறந்தவர் என்று கொண்டாடப்பட்ட சுகர் ரே ராபின்சனைப் பதினைந்து சுற்றுகளில் புள்ளிக் கணக்கில் வென்று உலக மிடில்வெயிட் சாம்பியன் ஆனார். அதற்கு முந்தைய நூற்றுக்கும் மேற்பட்ட சண்டைகளில் ராபின்சன் ஒரே ஒருமுறைதான் தோற்றிருந்தார். சர்ச்சில் நிறுத்திய சண்டை நடக்கவிருந்த அதே ஏர்ல்ஸ் கோர்ட்டில்தான் இந்த இரவு நிகழ்ந்தது. அறுபத்து நான்கு நாள்களுக்குப் பின் நியூயார்க்கில் ராபின்சன், புருவத்திலிருந்து குருதி வழிய, பத்தாம் சுற்றில் டர்பினை நிறுத்திப் பட்டத்தை மீட்டார் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

பெண்களின் கணக்கு இன்னும் தாமதமாகத் திறக்கப்பட்டது. பிரிட்டனில் பெண்ணுக்கு உரிமம் தர மறுத்த குத்துச்சண்டை வாரியத்தின்மீது ஜேன் கவுச் வழக்குத் தொடுத்து 1998-இல் வென்ற பிறகே, அவ்வாண்டு நவம்பரில் தெற்கு லண்டனின் ஸ்ட்ரெதமில் முதல் அதிகாரபூர்வமான பெண்கள் சண்டை நடந்தது. ஒலிம்பிக்கிலோ 2012 லண்டன் போட்டிக்கு முன்பு பெண்கள் குத்துச்சண்டையே இல்லை. மணிப்பூரின் மேரி கோம் அதற்குள் ஐந்துமுறை உலகச் சாம்பியனாகி, இரட்டைப் பிள்ளைகளுக்குத் தாயும் ஆகியிருந்தார். அவருடைய இயல்பான எடை 48 கிலோ. லண்டனில் சேர்க்கப்பட்ட மிகக் குறைந்த பிரிவு 51 கிலோ. தம்மைவிட உயரமும் எடையும் கூடியவர்களோடு எக்ஸெல் அரங்கில் மோதி, ஆகஸ்ட் 8 அன்று அரையிறுதியில் இங்கிலாந்தின் நிக்கோலா ஆடம்ஸிடம் 6-க்கு 11 என்ற புள்ளிகளில் தோற்று, வெண்கலம் பெற்றார். மறுநாள் ஆடம்ஸ் ஒலிம்பிக் வரலாற்றின் முதல் பெண்கள் குத்துச்சண்டைத் தங்கத்தை வென்றார். ஆடம்ஸின் தங்கத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் மேரி கோமின் வெண்கலத்தை மூன்றாமிடம் என்று மட்டும் படிப்பவர், மூன்று கிலோவையும் பத்தாண்டுத் தாமதத்தையும் படிக்காமல் விடுகிறார்.

வரத்தையும் நம்ப முடியவில்லை, பேரேட்டையும் அப்படியே ஏற்க முடியவில்லை என்றால் எதைக் கொண்டு அளப்பது? இவ்வுரையின் தீர்ப்பு இதுதான். பேரேட்டின் பக்கமே சாய வேண்டும். ஆனால் அதன் கூட்டுத்தொகையைப் பார்க்காமல், ஒவ்வொரு சண்டையாக, எதிரே நின்றவர் யார், அன்று கதவு யாருக்குத் திறந்திருந்தது என்ற இரண்டு கேள்விகளோடு படிக்க வேண்டும். அதிலும் குறிப்பாக, தோல்விக்கு அடுத்த பக்கத்தைப் படிக்க வேண்டும். ஏனெனில் வரத்தின் தரப்பு எண்ண மறந்த பொறுமை, அடக்கம், கற்கும் மனம் ஆகிய குணங்கள் எழுத்தில் பதிவாவது அந்தப் பக்கத்தில்தான்.

மெக்காலிடம் வீழ்ந்த லெனாக்ஸ் லூயிஸ் என்ன செய்தார் என்று பாருங்கள். 1965-இல் வெஸ்ட் ஹாமில் பிறந்து, கனடாவில் வளர்ந்து, அந்நாட்டுக்காக 1988 சோல் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அவருக்கு உயரமும் நீண்ட கையும் வலதுகை வலிமையும் பிறவியிலேயே நிரம்ப இருந்தன. வெம்பிளியில் இரண்டு சுற்றில் சாய்ந்த பிறகு, தம்மை வீழ்த்தும் வழியை மெக்காலுக்குக் கற்பித்த எமானுவேல் ஸ்டூவர்டையே தம் பயிற்சியாளராக அமர்த்திக்கொண்டார். பகை மூலையில் நின்ற வாத்தியாரின் காலடியில் போய்ப் பாடம் கேட்க எவ்வளவு மனத்திண்மை வேண்டும்! அவரிடமே இடது கை நேர்க்குத்தை முன்னிறுத்தி ஆடவும், அவசரப்படாமல் நிற்கவும் பழகினார். 1997-இல் மெக்காலை மீண்டும் சந்தித்து வென்றார். 1999-இல் மற்றொரு உலகச் சாம்பியனாக இருந்த ஹோலிஃபீல்டை வென்று பிளவில்லாத உலகச் சாம்பியன் ஆனார். 2001 ஏப்ரலில் தென்னாப்பிரிக்காவில் ஹசிம் ரஹ்மானின் ஒரே குத்தில் வீழ்ந்து, நவம்பரில் அவரையே நான்காம் சுற்றில் சாய்த்தார். தொழில்முறையில் அவர் தோற்றது இந்த இருவரிடம் மட்டுமே. இருவரிடமும் கணக்கைத் தீர்த்துவிட்டு, 2004-இல் சாம்பியனாகவே விலகினார். இந்த அளவில் பார்த்தால், லண்டன் தந்தவர்களில் லூயிஸுக்கு நிகராக நிறுத்தக்கூடியவர் இல்லை.

லெயிங்? டுரானை வென்ற இரவு அழியாதது. அதற்கு அடுத்த பக்கம் வெறுமை. ஆகவே லெயிங் கூப்பருக்குக் கீழேதான் நிற்க வேண்டும், பார்க்க எவ்வளவு அழகாக ஆடியிருந்தாலும். புருனோவின் பெயருக்கு எதிரே உலகப் பட்டம் இருக்கிறது. கிரகாமின் பெயருக்கு எதிரே இல்லை. இருந்தும் இவ்வுரை கிரகாமைப் புருனோவுக்கு மேலே நிறுத்தத் தயங்காது. ஜாக்சனிடம் வீழ்ந்தபின் அவர் வீட்டோடு இருந்துவிடவில்லை. 1998-இல், முப்பத்தெட்டு வயதில், உலகப் பட்டத்துக்காகச் சார்லஸ் புரூவரை எதிர்கொண்டு, அவரைத் தரையில் வீழ்த்திய பிறகே தோற்றார். ஜாக்சனுக்கு முன்பு, 1989 மே 10 அன்று ஆல்பர்ட் ஹாலில், அந்தத் தலைமுறையின் மிகத் தேர்ந்த நுட்பக்காரர்களில் ஒருவரான ஜமைக்காவின் மைக் மெக்கால்லமோடு பன்னிரண்டு சுற்றுகள் ஆடி, பிளவுபட்ட தீர்ப்பில் தோற்றார். பிளவுபட்ட தீர்ப்பு என்றால், மூன்று மதிப்பெண் நடுவர்களில் ஒருவர் தம் சீட்டில் கிரகாமின் பெயரைத்தான் எழுதியிருந்தார். மெக்கால்லத்தோடு பன்னிரண்டு சுற்றுகள் நின்று ஒரு நடுவரின் மனத்தையாவது வென்றவர்கள் அந்தத் தலைமுறையில் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே.